இல்லாத காலின் கதை

1866 ஜூலையில் அமெரிக்காவின் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில், எழுதியவர் பெயர் இல்லாமல் ஒரு தன்வரலாறு வெளியானது. சொல்பவர் ஜார்ஜ் டெட்லோ, ராணுவத்தில் உதவி டாக்டர். உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு முதலில் அவருக்கு ஒரு கை போகிறது. அடுத்த சண்டையில் இரண்டு கால்களும். மிச்சமிருந்த கையை ஆஸ்பத்திரியில் பரவிய தசையழுகல் கொண்டுபோகிறது. கால்களை எடுத்த அறுவை சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்ததும், இடது கெண்டைக்காலில் சுருக்கென்று பிடித்து இழுக்கிறது. பக்கத்தில் நின்ற பணியாளைக் கூப்பிட்டு, கொஞ்சம் நீவிவிடச் சொல்கிறார். கால் இருந்தால்தானே நீவுவதற்கு!

படித்தவர்கள் கதையை அப்படியே நம்பினார்கள். டெட்லோவுக்கென்று பணம் அனுப்பினார்கள். பிலடெல்பியாவில் கை கால் இழந்த சிப்பாய்களுக்காக இருந்த ஆஸ்பத்திரிக்குச் சிலர் நேரிலேயே போய் அவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். இத்தனைக்கும் கதை முடிவது ஆவிகளோடு பேசும் ஒரு கூட்டத்தில். அங்கே இரண்டு ஆவிகள் வந்து எண்களைச் சொல்கின்றன: 3486, 3487. ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்தில் சாராயத்தில் ஊறிக்கொண்டிருந்த டெட்லோவின் கால்கள்தான் அவை. அந்தக் கால்களில் நின்று டெட்லோ நாலு எட்டு நடக்கவும் செய்கிறார். இதைப் படித்த பிறகும் மணியார்டர் அனுப்பத் தோன்றியதென்றால், முன்பகுதியில் இருந்த உடம்பின் வேதனை அவ்வளவு நிஜமாக இருந்திருக்க வேண்டும்.

டெட்லோ என்று ஒருவர் இல்லை. எழுதியவர் பிலடெல்பியாவில் டாக்டராக இருந்த சைலஸ் வேர் மிட்செல். அப்போது அவருக்கு வயது 37. போர்க்காலத்தில் அங்கே டர்னர்ஸ் லேன் ஆஸ்பத்திரியில் நரம்பில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர். சகாக்கள் இருவரோடு சேர்ந்து, குண்டுக் காயத்தால் நரம்புக்கு வரும் கேடுகளைப் பற்றி 1864இல் அவர் எழுதிய புத்தகம் மருத்துவ உலகில் பெயர் பெற்றது. அந்தப் புத்தகத்தில் இடம் கிடைக்காத ஒன்றைத்தான் கதையில் எழுதினார். கையெழுத்துப் பிரதி நண்பர்கள் கைமாறி, அவர் எதிர்பாராமலே பத்திரிகைக்குப் போய்ச் சேர்ந்தது.

வெட்டி எடுத்த உறுப்பு வலிக்கிறது என்று நோயாளிகள் சொல்வதை 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்ப்ருவாஸ் பாரே குறித்து வைத்திருக்கிறார். ஆனால் அந்த உணர்வுக்கு உள்ளேயிருந்து ஒரு குரல் கொடுத்தது மிட்செலின் கதை. அதற்கு 'மாய உறுப்பு' என்ற பொருளில் பெயர் வைத்து அவர் கட்டுரை எழுதியது 1871இல். அதாவது, கதை வந்து ஐந்து வருடம் கழித்துத்தான் நோய்க்குப் பெயர் வந்தது.

காரணத்தையும் கதையிலேயே சொல்லிவிட்டார். காலை வெட்டினாலும் அதிலிருந்து புறப்பட்ட நரம்பின் மிச்சம் வெட்டுப்படாமல் மிஞ்சிய பகுதியில் இருக்கிறது. அது உறுத்தப்படும்போது மூளைக்குச் செய்தி போகிறது. இந்த நரம்பில் வரும் செய்தி பெருவிரலிலிருந்து வருவது என்றே மூளை காலமெல்லாம் பழகியிருப்பதால், இப்போதும் பெருவிரல் வலிப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. இது பாதி விளக்கம். மீதிப் பாதி மூளையிலேயே இருக்கிறது என்பது பின்னால் தெரியவந்தது. மூளையின் மேலுறையில் உடம்புக்கு ஒரு வரைபடம் உண்டு. அதில் கைக்குப் பக்கத்து வீடு முகம். கை போன பிறகு அந்த இடம் சும்மா கிடப்பதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கலிஃபோர்னியாவில் 1990களில் கை இழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக்குச்சியால் தொட்டார். தொடப்பட்டவருக்கு இல்லாத கையின் விரல்களில் தொடுவது போலிருந்தது. மாயக் கை மடங்கி இறுகி வலிப்பவர்களுக்காக ராமச்சந்திரன் ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தினார். இருக்கிற கையின் பிம்பம் இல்லாத கை போலத் தெரியும். இருக்கிற கையை விரித்தால் மாயக் கையும் விரிவதாகத் தோன்றும். சிலருக்கு அதில் வலி தணிந்தது.

கதைக்கு வருவோம். மிட்செலின் அப்பாவும் டாக்டர்தான், கவிதையும் எழுதியவர். அப்பாவின் உடல்நிலை தளர்ந்ததும் அவருடைய வைத்தியத்தை மகன் ஏற்றுக்கொண்டார். இளவயதில் கவிதைகளை எடுத்துக்கொண்டு, மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸிடம் யோசனை கேட்கப் போனாராம். நாற்பது ஆகும்வரை டாக்டராக மட்டும் இரு, இலக்கியத்தை வெளியே காட்டாதே என்று ஹோம்ஸ் சொன்னதாகச் சொல்வார்கள். நோயாளிகள் கவிஞரிடம் நாடியைக் காட்டத் தயங்குவார்கள் என்ற கணக்கு. மிட்செல் அதற்கு மேலும் பொறுத்தார். முதல் நாவல் 1884இல், 55 வயதில். பெரும் விற்பனை கண்ட 'ஹியூ வின்' நாவல் 1897இல், 68 வயதில். கடைசி நாவல் 'வெஸ்ட்வேஸ்' 1913இல், 84 வயதில். இடையில் பத்துக்கு மேல்.

டாக்டர்கள் எல்லோரும் இவ்வளவு காத்திருப்பதில்லை. செகாவ் மருத்துவம் படிக்கும்போதே எழுதிச் சம்பாதித்தார். நம் 'லட்சுமி', டாக்டர் திரிபுரசுந்தரி, எழுதிய பணத்தில்தான் மருத்துவமே படித்தார். அதுவும் அதே ஸ்டான்லியில். ஆனால் நாற்பது வருடம் குடும்ப டாக்டராக இருந்துவிட்டு, கிளினிக் போர்டைக் கழற்றிய கையோடு நாவலுக்கு உட்காருபவர்கள் தனி ரகம். 'பொழுது போகவில்லை போல' என்று வீட்டிலேயே சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் தலைக்குள் நாவலுக்கான பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது என்று நினைக்க ஆய்வுகள் இடம் தருகின்றன.

மருத்துவ மாணவன் நோயைக் காரண காரியமாகக் கற்கிறான். இந்த ரத்தக்குழாய் அடைத்தால் இந்தத் தசைக்கு ஆக்சிஜன் போகாது, போகாவிட்டால் இன்னது நடக்கும் என்று சங்கிலியாக. நோயாளிகளைப் பார்க்கப் பார்க்க அந்தச் சங்கிலி சுருங்கி, வேறொரு வடிவத்துக்கு மாறுகிறது. நெதர்லாந்தின் ஹென்க் ஸ்மித், எல்ஸ் பாஸ்ஹைசன், கனடாவின் ஜெஃப் நார்மன் ஆகியோர் 1990இல் இதை விளக்கி எழுதினார்கள். அந்த வடிவத்துக்கு மருத்துவக் கல்வியில் 'இல்னஸ் ஸ்கிரிப்ட்' என்று பெயர். அதில் மூன்று பகுதி: இவர் யார், என்ன வயது, என்ன வேலை, என்ன பழக்கம் என்ற பின்னணி, உள்ளே என்ன கெட்டது என்பது, அதனால் வெளியே என்னவெல்லாம் நடக்கிறது என்பது. திரைக்கதை எழுதுபவர்களுக்கு இது புதிதாகவே தெரியாது. கடைசிக் கட்டத்தில், பொது வடிவத்தோடு குறிப்பிட்ட மனிதர்களும் அப்படியே நினைவில் தங்கிவிடுகிறார்கள். நிமோனியா என்றதும் பாடப்புத்தகப் பக்கம் வருவதில்லை. மழையில் நனைந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி வருகிறார்.

இன்னும் வேடிக்கையான ஒரு முடிவும் உண்டு. ஒரு நோயாளியின் விவரத்தைப் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னால், அதிகம் எழுதுபவர்கள் படிப்பின் பிற்பகுதியில் இருக்கும் மாணவர்கள். அனுபவசாலிகள் குறைவாகவே எழுதுகிறார்கள், ஆனால் நோயைச் சரியாகப் பிடிக்கிறார்கள். வேண்டாததை விடுவது அவர்களுக்குக் கைவந்திருக்கிறது. குடும்ப டாக்டர்களை வைத்தே 1987இல் வெளியான ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நோயாளியின் ஒரு படம், வயது, வேலை, பழைய நோய்களைக் குறித்த ஓர் அட்டை, வந்த தொந்தரவு ஒரே வரியில். அவ்வளவுதான் கொடுத்தார்கள். பரிசோதனை இல்லை, ரத்த ரிப்போர்ட் இல்லை. அனுபவமுள்ள டாக்டர்கள் புதியவர்களைவிட அதிகமாகச் சரியான நோயை ஊகித்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது அந்த 'யார்' என்கிற பகுதி. ஆளின் முகத்திலிருந்தும் தொழிலிலிருந்தும் அவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று ஊகிப்பது நாவலாசிரியரின் வேலையும்தான்.

வயதாகிவிட்டதே என்பார்கள். ஆகிறதுதான். ஆனால் மூளையின் எல்லாத் திறன்களும் ஒரே நாளில் ரிட்டயர் ஆவதில்லை. ஜோஷுவா ஹார்ட்ஷோர்னும் லாரா ஜெர்மைனும் பல்லாயிரம் பேரை இணையம் வழியாகச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், தகவலைக் கையாளும் வேகம் பதினெட்டு, பத்தொன்பது வயதிலேயே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்குகிறது. சொல்வளம் அறுபதுகள் வரை ஏறிக்கொண்டே போகிறது. முதுமையில் முதலில் நழுவுவது ஆட்பெயர். முகம் தெரியும், வீடு தெரியும், வந்த வியாதியும் தெரியும், பெயர் மட்டும் நுனிநாக்கில் நின்று வராது. பெயருக்கு அர்த்தப் பிடிமானம் இல்லாததால் அப்படி என்கிறார்கள் உளவியலாளர்கள். பழைய டாக்டருக்கு இது பெரிய நஷ்டமில்லை. தொழில் ரகசியம் காக்க, நாவலில் அவர் எப்படியும் மாற்றியாக வேண்டியது பெயரைத்தான்.

இதனால் டாக்டர்கள் எல்லோரும் மனிதரைக் கேட்டறிந்தவர்கள் என்று ஆகிவிடாது. ஹோவர்ட் பெக்மனும் ரிச்சர்ட் ஃபிராங்கலும் 74 சந்திப்புகளைப் பதிவு செய்து 1984இல் வெளியிட்டார்கள். நோயாளி வாயைத் திறந்து சராசரியாகப் பதினெட்டு வினாடிகளில் டாக்டர் குறுக்கிட்டார். குறுக்கிட்டது பெரும்பாலும் கேள்வி கேட்கத்தான். ஸ்கிரிப்ட் அதற்குள் ஓட ஆரம்பித்துவிடுகிறது; மிச்சத்தை அவரே நிரப்பிக்கொள்கிறார். டாக்டரைக் கெட்டிக்காரராக்கும் அதே பழக்கம்தான் காதையும் அடைக்கிறது.

இதற்கும் சரியான உதாரணம் மிட்செல்தான். நரம்புத் தளர்ச்சிக்கு அவர் ஒரு சிகிச்சை வைத்திருந்தார்: ஆறு முதல் எட்டு வாரம் படுக்கை, குடும்பத்தாரைப் பார்க்கக் கூடாது, பாலும் கொழுப்பும், உடம்பு பிடித்துவிடுதல், படிக்கவோ எழுதவோ கூடாது. பெரும்பாலும் பெண்களுக்கு. ஆண்களுக்கு வேறு சீட்டு. மனம் உடைந்திருந்த ஓவன் விஸ்டர் என்ற உறவுக்கார இளைஞரை 1885இல் வயோமிங் பண்ணைக்கு அனுப்பினார். அவர் அங்கே குதிரையேறி, நாட்குறிப்பு எழுதி, பின்னால் 1902இல் 'தி வர்ஜீனியன்' என்ற புகழ்பெற்ற கௌபாய் நாவலை எழுதினார்.

1887இல் மிட்செலிடம் வந்தவர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன். வயது 26. பெண் குழந்தை பிறந்த பிறகு தீராத மனச்சோர்வு. வருவதற்கு முன்பே தன் நோயின் வரலாற்றை ஒன்று விடாமல் நீண்ட கடிதமாக எழுதி அனுப்பியிருந்தார். இப்படி எழுதியதே தற்பெருமைக்கு அடையாளம் என்றாராம் மிட்செல். ஒரு மாதம் படுக்கையில் வைத்துவிட்டு, வீட்டு வேலையோடு இருங்கள், குழந்தையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், பேனாவை இனித் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். கில்மன் அதைச் சில மாதம் கடைப்பிடித்து, பைத்தியத்தின் விளிம்புவரை போய்த் திரும்பினார். கைகால் இழந்த சிப்பாயின் உள்ளுக்குள் புகுந்து எழுதிய மனிதருக்கு, எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணின் கடிதம் வெறும் நோய்க்குறியாகத் தெரிந்திருக்கிறது.

கில்மன் 1892இல் ஒரு சிறுகதை வெளியிட்டார். 'தி யெல்லோ வால்பேப்பர்'. ஓய்வெடுக்கச் சொல்லி மாடி அறையில் வைக்கப்பட்ட ஒரு பெண், சுவரில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தின் பூவேலைக்குப் பின்னால் இன்னொரு பெண் ஊர்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கத் தொடங்குகிறாள். அவள் புருஷனும் டாக்டர். கதைக்குள் மிட்செலின் பெயரே வருகிறது. பிரதி ஒன்றை அவருக்கு அனுப்பினேன், பதில் வரவில்லை என்று கில்மன் பின்னால் எழுதினார். கதையைப் படித்துவிட்டு அவர் சிகிச்சையை மாற்றிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன் என்றும் எழுதினார். மிட்செலின் எழுத்துகளில் அதற்குத் தடயம் இல்லை.

மிட்செல் 1914 ஜனவரியில் காலமானார். 'ஹியூ வின்' நாவலை இன்று ஆராய்ச்சியாளர்கள்தான் தேடிப் படிக்கிறார்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் இலக்கியம் சொல்லித்தரும் வகுப்புகளில் இன்றும் மாணவர்கள் படிப்பது, அவர் எழுதக்கூடாது என்று சொன்ன நோயாளி எழுதிய அந்தச் சிறுகதையை.