பதினெட்டுக்குப் பிறகு யார் ஒப்பம் வைப்பது?

"டீச்சர், மகனுக்குப் பதினெட்டு முடிஞ்சிட்டு. இனி நான் ஒப்பம் வெச்சா பேங்க்ல எடுக்க மாட்டாங்களாம்."

மாத்தளைக்கு அருகே வசிக்கும் ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். டவுன் சின்ட்ரோம் உள்ள அவருடைய மகன், விசேட கல்விப் பிரிவில் என்னிடம் படித்தவர். வாப்பா மௌத்தாகிவிட்டார். மகனின் பெயரில் சிறுவர் சேமிப்புக் கணக்கில் கொஞ்சப் பணமும் வாப்பாவின் காணியில் ஒரு பங்கும் இருக்கின்றன. பங்கை நானாவின் பெயருக்கு எழுதிவிட்டால் லேசு என்பது குடும்பத்தின் பேச்சு.

ஆசிரியர் கலாசாலையில் இதற்கு எனக்குப் பதில் சொல்லித் தரவில்லை. பிறகு சட்டத்தரணிகளிடம் கேட்டும் வாசித்தும் அறிந்ததையே எழுதுகிறேன்.

இலங்கையில் 18 வயது நிறைந்தவர் சட்டப்படி வளர்ந்தவர். பிள்ளைக்கு என்ன குறைபாடு இருந்தாலும், அன்றோடு பெற்றோரின் ஒப்பத்துக்கு இருந்த சட்ட வலு போய்விடுகிறது.

அதன் பிறகு இருக்கும் வழி மாவட்ட நீதிமன்றம். 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் கீழ், ஒருவர் சித்தசுவாதீனமற்றவர், தன் கருமங்களைப் பார்க்க இயலாதவர் என்று விசாரணையில் தெரிந்தால், அவருடைய சொத்துக்கு ஒரு முகாமையாளரையும் அவரைப் பராமரிக்கப் பாதுகாவலரையும் நீதிமன்றம் நியமிக்கலாம். பெரிய சொத்து இருந்தால், ஏமாற்றுபவர்கள் சூழ்ந்திருந்தால் இது தேவைப்படலாம். ஆனால் கடைக்குப் போய் மீதிக் காசை எண்ணி வாங்கி வரும் பையனுக்கு அந்தப் பெயரைச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை.

அற்றோணித் தத்துவம் போதாதா என்று சிலர் கேட்பார்கள். கொடுப்பவருக்கு அது என்னவென்று விளங்க வேண்டும். விளங்காதவரிடம் பெருவிரல் அடையாளம் வாங்கிய பத்திரம் நாளை வழக்கில் நிற்பது கஷ்டம்.

இந்த இரண்டுக்கும் இடையில் ஒரு வழி வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 12 ஆம் உறுப்புரையின்படி இவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே சட்டத் தகுதி உண்டு. அதைப் பயன்படுத்தத் தேவையான உதவியை அரசு கிடைக்கச் செய்ய வேண்டும். நமது 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் கல்வியிலும் தொழிலிலும் பாகுபாட்டைத் தடுக்கிறது, இந்த உதவிக்கு அதில் ஏற்பாடு இல்லை. இந்தியா தனது 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தில், குறித்த ஒரு முடிவுக்கு, குறித்த காலத்துக்கு மட்டும், இருவரும் சேர்ந்து தீர்மானிக்கும் பாதுகாவலைக் கொண்டு வந்தது. 2018 இல் பெரு நாடு இன்னும் தூரம் போய், மாற்றுத்திறனாளிகளுக்கு உதவியாளரைத் தாமே தெரிவு செய்யும் வழியைத் திறந்தது.

காணி விடயத்தில் நான் கறாராகவே பேசினேன். 1931 ஆம் ஆண்டின் முஸ்லிம் வழியுரிமைச் சட்டம் நமது ஷரீஅத் பங்குகளையே பின்பற்றுகிறது. புத்தி வளர்ச்சி குறைந்தவர் என்பதற்காக ஒரு பேர்ச்சஸ் கூடக் குறையாது. கடன் எழுதுவதைப் பற்றிய அல்பகரா 282 ஆம் வசனம், தானே வாசகம் சொல்ல இயலாதவருக்காக அவருடைய வலி நீதியாகச் சொல்ல வேண்டும் என்கிறது. வலி அங்கே அவருக்காகப் பேசுகிறார், அவருடையதை எடுத்துக்கொள்வதில்லை. நானா நல்ல பிள்ளைதான், கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். எழுதும் பேச்சு அத்தோடு நின்றது.

வங்கிக்கு வேறு மாதிரி ஆயத்தமானோம். மகன் ஒரு வாரமாகக் கொப்பியில் தன் பெயரை எழுதிப் பழகினார். பணம் எடுக்கும் படிவத்தைப் பெரிதாக வரைந்து எது எதற்கென்று சொல்லிக் கொடுத்தேன். உம்மா பக்கத்தில் நின்றார், பேசவில்லை. எவ்வளவு வேண்டும் என்று உத்தியோகத்தர் உம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். மகன் பதில் சொன்னார்:

"ரெண்டாயிரம். சப்பாத்து வாங்க. கறுப்பு."