இசைத்தட்டில் நிலைத்த குரல்கள்

சிற்பி மறைந்த பின்னும் சிலை நிற்கிறது. புலவர் மறைந்த பின்னும் ஏடு நிற்கிறது. பாடகர்க்கு மட்டும் இப்பேறு நெடுங்காலம் வாய்க்கவில்லை. பாடியவர் வாய் மூடியதும் பாட்டு காற்றில் கலந்துவிடும். கேட்டவர் உள்ளத்தில் அது சில காலம் தங்கும். அவரும் மறைந்தால், ‘அப்படிப் பாடினாராம்’ என்னும் புகழ்ச்சொல் ஒன்றே மிஞ்சும். இக்குறையை நீக்க வந்த கருவிகளுள் முதன்மையானது இசைத்தட்டு. எனினும், பழைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்பதற்கும் அதைச் சான்றாகக் கொண்டு ஒரு கலைஞரை மதிப்பிடுவதற்கும் வேறுபாடு உண்டு. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகிய இருவரின் இசைத்தட்டுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வேறுபாட்டை விளக்க முயல்கிறேன்.

கிட்டப்பா 1906ஆம் ஆண்டு செங்கோட்டையில் பிறந்தவர். இளம்பருவத்திலேயே நாடக மேடை ஏறியவர். சுந்தராம்பாள் 1908இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் பிறந்தவர். நம் அவிநாசியும் அக்கொடுமுடியும் கொங்கு நாட்டின் பாடல் பெற்ற தலங்கள் ஏழனுள் அடங்கியவை. ஆதலின் அவ்வம்மையாரை நம் பகுதியார் என்று உரிமை கொண்டாடுவதில் தவறில்லை. 1926இல் இலங்கையில் இருவரும் சந்தித்தனர். மேடையில் இணைந்து நடித்தனர். 1927இல் மணம் புரிந்தனர். 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், இருபத்தேழாம் வயதில் கிட்டப்பா காலமானார்.

தமிழின் முதல் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ 1931இலேயே வெளிவந்துவிட்டது. ஆயினும் கிட்டப்பா எந்தப் பேசும்படத்திலும் நடிக்கவில்லை. ஆகவே, ஆயிரக்கணக்கானோரை விடிய விடிய விழித்திருக்கச் செய்த அக்குரலுக்கு இன்று நமக்குள்ள நேர்ச்சான்று இசைத்தட்டு ஒன்றுதான். அது உடைந்தால் குரலும் உடையும். இதனை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

இசைத்தட்டு எவ்வாறு பாடுகிறது? 1877இல் அமெரிக்க அறிஞர் எடிசன், உருளையில் ஒலியைப் பதிக்கும் கருவியைக் கண்டார். பத்தாண்டு கழித்து, 1887இல், எமில் பெர்லினர் என்பார் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத்தைக் கையாண்டார். வட்டத்தின் மேல் நாம் காண்பவை பல கோடுகள் போலத் தோன்றினும், உண்மையில் ஒரு பக்கத்திற்கு ஒரே கோடுதான் உண்டு. விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சுழன்று செல்லும் ஒரே பள்ளம் அது. பனியன் துணியின் அறுந்த முனையைப் பிடித்து இழுத்தால் வரிசை வரிசையாய் ஒரே நூல் பிரிந்து வருவதை நம் ஊர் மாணவர் அறிவர். அதுபோல, பத்தங்குல இசைத்தட்டின் பள்ளத்தை நீட்டிப் பார்க்க முடியுமானால் அது நூறு மீட்டருக்கும் மிகுதியாக நீளும். அப்பள்ளத்தின் பக்கவாட்டு நெளிவுகளே ஒலி. ஊசி அந்நெளிவுகளில் ஓடும்போது அதிர்கிறது. அவ்வதிர்வு பெருகிக் குரலாகிறது.

தட்டு செய்யப்பட்ட பொருளும் அறியத்தக்கது. அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் அரக்கே அதன் இணைப்புப் பொருள். உலகத்துக்கு அரக்கை மிகுதியாக அளித்த நாடு இந்தியா. அரக்குடன் கல்தூளும் கரியும் சேர்த்துச் சூட்டில் அழுத்தித் தட்டுகளை வார்த்தனர். இந்தியாவில் 1902இல் கல்கத்தாவில் கெளஹர் ஜான் பாடியதைப் பதிவு செய்தபோது, தட்டு அச்சிடும் பணி செருமனியின் ஹானோவர் நகரில் நடந்தது. பாடல் முடிவில் அவ்வம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறுவது, மொழியறியாத அந்நகரத் தொழிலாளர் தட்டை அடையாளம் காண்பதற்காகவே. 1908இல் கல்கத்தாவிலேயே ஆலை அமைந்தது. அதன் பின்னர் இசைத்தட்டு நடுத்தர இல்லங்களையும் திருமணப் பந்தல்களையும் எட்டியது.

இனி, பழைய தட்டைக் கேட்போர் முதலில் நினைவிற்கொள்ள வேண்டியது கால எல்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். நாடக மேடையிலோ கட்டுப்பாடு இல்லை. முருகனாகவோ வேடனாகவோ வந்த நடிகர் ஒரு விருத்தத்தை விரித்துப் பாடுவார், அவையோர் மீண்டும் ஒருமுறை பாடும்படி ஆரவாரிப்பர், எதிரே நிற்கும் வள்ளி பாட்டாலேயே மறுமொழி கூறுவாள், வாதம் வளரும், இரவும் வளரும். இத்தனையும் மூன்று நிமிடத்தில் அடங்குமா? ஆகவே, தட்டில் பாடுவோர் தொடக்கத்திலேயே உச்சியைத் தொட வேண்டியிருந்தது. இராகத்தைக் கோடிட்டுக் காட்டிவிட்டு உடனே பாட்டில் புக வேண்டியிருந்தது. பழைய தட்டைக் கேட்ட இளைஞர் சிலர், ‘ஏன் இவ்வளவு விரைவு?’ என்று வினவுவதுண்டு. அவ்விரைவில் ஒரு பகுதி பாடகருடையது. ஒரு பகுதி தட்டினுடையது.

இரண்டாவது, ஒலி பதிந்த முறை. தொடக்ககாலத்தில் பாடகர் ஒரு பெரிய குழலின் வாயருகே நின்று முழங்க வேண்டும். அவர் குரலின் ஆற்றல் ஒன்றே செதுக்கும் ஊசியை அசைத்தது. மென்மையான ஒலிகளும் மிகத் தாழ்ந்த, மிக உயர்ந்த ஒலிகளும் அதில் ஏறா. 1925இல் மேனாட்டில் மின்முறைப் பதிவு தோன்றியது. விரைவில் அது இந்தியாவுக்கும் வந்தது. ஒலிவாங்கி முன் நின்று பாடியதால் மெல்லொலியும் பதியத் தொடங்கியது. மேடையில் ஒலிபெருக்கியின்றிக் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிப் பழகியோர் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும். அவர்களுடைய உயர்ந்த சுருதிக்கும் வன்மைக்கும் அதுவே காரணம். ஒலிவாங்கி அவர்க்கு வேண்டிய துணையாக வந்ததன்று. ஏற்கெனவே முழங்கிய குரலை எழுதிக்கொள்ள வந்த எழுத்தரே அது.

மூன்றாவது, தட்டின் வேகம். இதனை மாணவர் சிறிது ஊன்றிக் கவனித்தல் வேண்டும். 78 என்பது பெயரளவில் நிலைத்த எண். பழைய பதிவுகள் பல அதற்குச் சற்றுக் குறைவாகவோ மிகுதியாகவோ சுழலும் பொறியில் செதுக்கப்பட்டன. வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை உயரும். 74 சுற்றில் பதிந்த தட்டை 78 சுற்றில் ஓட்டினால், பாடகர் உண்மையில் பாடியதைவிட ஏறத்தாழ அரைக்கட்டை உயர்ந்து கேட்கும், பாட்டும் விரையும், குரலும் இளமையாய்த் தோன்றும். ஆகவே, ‘இத்தனை கட்டையில் பாடினார்’ என்று ஒரு தட்டை மட்டும் வைத்து உறுதி கூறலாகாது. பின்னணியில் ஒலிக்கும் ஆர்மோனியத்தின் சுருதி இரண்டு கட்டைகளுக்கு இடையே விழுமானால், வேகம் பிழைத்திருக்கலாம் என்று ஐயுறலாம். ஆர்மோனியங்களும் தம்முள் சிறிது வேறுபடும். ஆதலின் ஒரே காலத்துத் தட்டுகள் பலவற்றை ஒப்பிட்டே முடிவுக்கு வருதல் முறை.

இவ்வாறு கருவியின் பங்கைக் கழித்துவிட்டால் கிட்டப்பாவின் புகழ் குறையுமோ என்று சிலர் அஞ்சலாம். குறையாது. சுருதியை அரைக்கட்டை இறக்கி ஓட்டிக் கேளுங்கள். மேல் தாயியில் அவர் குரல் திணறாமல் நிற்கும். பிருகாக்கள் உதிரும்போது ஒவ்வொரு சுரமும் தனித்து விளங்கும். மேடையில் பயின்ற சொல் தெளிவும் கெடாது. வேகத்தால் இவற்றைப் போலியாகப் படைக்க இயலாது. அவை பாடியவருக்கே உரியவை.

சுந்தராம்பாள் வகையில் இசைத்தட்டு மற்றோர் உதவியும் செய்கிறது. கணவர் மறைந்த பின் வெள்ளாடை அணிந்து மேடையை விட்டு விலகியிருந்த அவர், 1935இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே தோன்றினார். 1953இல் ‘ஔவையார்’, 1964இல் ‘பூம்புகார்’, 1965இல் ‘திருவிளையாடல்’ என்று அவர் பயணம் நீண்டது. ‘துணைவன்’ படத்தில் பாடியமைக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும் பெற்றார். நாடகக் காலத் தட்டு ஒன்றையும் இப்படப் பாடல்களின் தட்டு ஒன்றையும் அடுத்தடுத்துக் கேட்போருக்கு, இருபது வயதின் குரல் ஐம்பத்தேழு வயதில் எவ்வாறு முதிர்ந்தது என்பது விளங்கும். கருவி எவ்வளவு முன்னேறியது என்பதும் அதே வேளையில் விளங்கும். ஒரே குரல் இரண்டு வரலாறுகளைச் சொல்கிறது.

அரக்குத் தட்டுக்குப் பின் வந்தது வினைல் தட்டு. 1948இல் அமெரிக்காவில் வெளியான நீள்தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் மேனி அன்று, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுழன்றது; நுண்ணிய பள்ளம் உடைமையால் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஒலித்தது. 1963இல் எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் இடையறாது ஒலிக்க முடிந்தது இந்நீளத்தால்தான். இன்று மேனாட்டில் டீப் பர்ப்பிள், லெட் செப்பெலின் போன்ற வன்முழக்க ராக் இசைக் குழுக்களின் பழைய வினைல் தட்டுகளை இளைஞர் தேடி வாங்கி, முதலிலிருந்து மீண்டும் கேட்டு மதிப்பிடுகின்றனர். அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு, 1987க்குப் பின் முதன்முறையாக, வினைல் தட்டுகள் குறுந்தகடுகளைவிட எண்ணிக்கையில் மிகுதியாக விற்றன. ஐம்பதாண்டுப் பழமையை அவர்கள் இவ்வளவு போற்றும்போது, தொண்ணூறாண்டுப் பழமையுடைய நம் அரக்குத் தட்டுகளை நாம் எந்நிலையில் வைத்திருக்கிறோம்?

நம் பகுதியில் பழைய வீடுகளை இடித்துப் பனியன் கூடங்களும் புதுவீடுகளும் எழுப்பும்போது பரண்கள் ஒழிக்கப்படுகின்றன. அங்கே கிடைக்கும் கறுப்புத் தட்டுகள் கழிவுப் பொருளாகிவிடலாகாது. அவற்றைக் காண்போர் சில நெறிகளைப் பின்பற்றுதல் நன்று. அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த நீர்மத்தால் துடைக்கலாகாது. அரக்கு அதில் கரையும். ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்காமல் நிமிர்த்தி வைத்தல் வேண்டும், வெயில் படலாகாது. நீள்தட்டுக்குரிய நுண்ணூசியை இதில் வைக்கலாகாது. அகன்ற பள்ளத்துக்கேற்ற பருத்த ஊசி வேண்டும். பழைய கிராமபோன் பெட்டியின் எஃகு ஊசியும் கனத்தால் பள்ளத்தைத் தேய்க்கும். தக்க கருவியில் ஒருமுறை ஓட்டிக் கணினியில் பதிந்துகொண்டு, தட்டை ஓய்வுறச் செய்வதே அறிவுடைமை. எல்லாவற்றுக்கும் முன்னதாக, நடுச்சீட்டிலுள்ள பெயர், எண், நிறுவனம் ஆகியவற்றையும் உட்புறம் பொறித்துள்ள எண்ணையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். மும்பையிலுள்ள இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு ஓடியன் நிறுவனத்துத் தட்டுகளைக் கணினிப் பதிவாக்கியது இத்தகைய பொறுமையான பட்டியலிலிருந்தே.

ஒரு கல்வெட்டைப் படி எடுப்பவர் எழுத்தை மட்டும் நோக்குவதில்லை. கல்லின் இயல்பையும் உளியின் வடுவையும் காலத்தின் தேய்மானத்தையும் நோக்கி, அதன் பின்னரே ‘அரசன் இவ்வாறு கூறினான்’ என்று எழுதுகிறார். இசைத்தட்டும் ஒலியில் பொறித்த கல்வெட்டே. அதைக் கேட்கும் மாணவர், ‘இரைச்சலாக இருக்கிறது’ என்று தள்ளுவதும் வேண்டா. ‘இதற்கு நிகர் இல்லை’ என்று ஆராயாமல் போற்றுவதும் வேண்டா. கருவி தந்தது எது, கலைஞர் தந்தது எது என்று பிரித்துக் கேட்கப் பழகுங்கள். அப்பழக்கம் வந்தபின் உங்கள் செவியில் ஒலிக்கும் கிட்டப்பாவின் குரல், கட்டுக்கதைகள் நீங்கிய உண்மைக் குரலாக இருக்கும்.