கார் பெயிண்ட்ல வட்ட வட்டமா கீறல்: காம்பவுண்ட் வாங்கணுமா, பாலிஷ் போதுமா?

காரை நல்ல வெயில்ல நிறுத்திட்டு பானெட்டைப் பாருங்க. சூரிய வெளிச்சம் பட்டுத் தெறிக்கிற இடத்தைச் சுத்தி சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரியுதா? அதுதான் ஸ்வர்ல் மார்க். கருப்புக் கார்ல பளிச்சுனு தெரியும். வெள்ளைக் கார்லயும் இருக்கும், கண்ணுல அவ்வளவா படாது. இதைக் காட்டித்தான் பல ஆயிரம் ரூபாய் பேக்கேஜை நம்ம தலையில கட்டுறாங்க.

கீறல் இருக்கிறது கலர்ல இல்லை, அதுக்கு மேல இருக்கிற கிளியர் கோட்ல. அதோட தடிமன் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான். நம்ம தலைமுடியே சுமார் 70 மைக்ரான்! காம்பவுண்டோ பாலிஷோ கீறலை நிரப்புறது இல்லை. கீறலைச் சுத்தி இருக்கிற கிளியர் கோட்டைத் தேய்ச்சு சமமாக்குது. டாப்-அப் பண்ணவே முடியாத பேலன்ஸ்ல இருந்து பணம் எடுக்கிற மாதிரி.

காம்பவுண்ட்ல துகள் முரடு, அதிகமா எடுக்கும், லேசா மங்கலும் விடும். அதனால அதுக்குப் பின்னாடி பாலிஷ் கட்டாயம். பாலிஷ்ல துகள் நைஸ். மெல்லிய ஸ்வர்லுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். அதனால முதல்ல பாலிஷ் மட்டும் ஒரு சின்ன பாட்டில் வாங்குங்க. காரைக் கழுவி, நிழல்ல, பாடி சூடு ஆறின பிறகு, ஓரடிக்கு ஓரடி இடத்துல மட்டும் தேய்ச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க. போயிடுச்சுன்னா காம்பவுண்ட் காசு மிச்சம். போகலைன்னா மட்டும் அதே இடத்துல காம்பவுண்ட். நகத்தால வருடினா மாட்டுற கீறலா? அதை ரெண்டுமே முழுசா எடுக்காது, விட்டுடுங்க.

கையால செஞ்சா நேரம் ஆகும், தோளும் வலிக்கும். ஆனா ஆபத்து குறைவு. ரோட்டரி மெஷினைப் பழக்கம் இல்லாதவங்க கையில கொடுக்காதீங்க. பெயிண்ட் மெல்லிசா இருக்கிற ஓரங்கள்ல கலர் வரைக்கும் போயிடும். கதவு விளிம்பு, கருப்பு பிளாஸ்டிக் எல்லாத்துலயும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கோங்க.

"ஒரே பூச்சுல பளபளப்பு"ன்னு விக்கிற சிலது கீறலை எண்ணெய்ப் பசையால மறைக்கும், அவ்வளவுதான். நாலு வாஷ்ல பழையபடி தெரியும். ஸ்வர்லை எடுக்காம மேல செராமிக் கோட்டிங் போடறதும் வேஸ்ட். கோடு அப்படியே உள்ள இருக்கும்.

இன்சூரன்ஸ்ல கேக்கலாமேன்னு யோசிக்காதீங்க. இது தேய்மானக் கணக்கு, ஓன் டேமேஜ்ல வராது.

அப்புறம், அபார்ட்மெண்ட்ல தினமும் காலையில அதே தூசித் துணியால காரைத் துடைச்சுட்டுப் போறாங்கல்ல? ஸ்வர்ல் வர்றதே பெரும்பாலும் அங்கதான். அவங்ககிட்ட ரெண்டு மைக்ரோஃபைபர் துணி வாங்கிக் கொடுத்து, "அண்ணா, தண்ணி ஊத்தாம துடைக்காதீங்க"ன்னு சொல்லுங்க. பாலிஷ் பாட்டில் வாங்குறதுக்கு முன்னாடியே.