கண்ணுக்கும் தெரியும் மாதக் கணக்கு

மாதம் முழுக்கச் சொன்னபடி கேட்கும் காண்டாக்ட் லென்ஸ், மாதவிடாய் நெருங்கும் சில நாட்களில் மட்டும் மண் விழுந்தாற்போல் உறுத்துவதாகப் பல பெண்கள் சொல்வதுண்டு. பவர் கூடிவிட்டதோ என்று பரிசோதித்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. உடனே ‘எல்லாம் மனசுதான்’ என்று யாராவது தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். தீர்ப்பு தவறு. மாதவிடாய்ச் சுழற்சியை நடத்தும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன் ஆகிய ஹார்மோன்களை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் கருப்பையில் மட்டும் இல்லை. கருவிழியிலும், கண்ணீர்ச் சுரப்பியிலும், இமைகளிலும் இருக்கின்றன.

கண்ணாடி முன் நின்று கீழிமையைச் சற்றே இழுத்துப் பாருங்கள். இமைமுடிக்குப் பின்னால், விளிம்பை ஒட்டி, ஊசிமுனைப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். மெய்போமியன் சுரப்பிகளின் வாய்கள் அவை. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அவற்றிலிருந்து கசியும் எண்ணெய், கண்ணீரின் மேல் ஆடையாகப் படர்ந்து அது ஆவியாகாமல் காக்கிறது. பெண்ணுடலிலும் சிறிதளவு சுரக்கும் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன் இந்த எண்ணெயைப் பெருக்கும். ஈஸ்ட்ரோஜன் குறைக்கும் என்று கருதப்படுகிறது. சுழற்சியின் எந்த நாட்களில் கண் அதிகம் வறளும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. ஆளுக்கு ஆள் மாறும் விஷயம் என்பதால் அதில் வியப்பும் இல்லை.

வறட்சியைக் கண் மருத்துவர் நேரிலேயே பார்த்துவிடுவார். ஃப்ளோரசீன் சாயத்தைக் கண்ணில் தொட்டு வைத்து, நீல ஒளியில், இமைக்காமல் இருக்கச் சொல்வார். பச்சையாக மின்னும் படலத்தில் கொஞ்ச நேரத்தில் கரும்பொட்டுகள் தோன்றும். கண்ணீர் கிழிந்த இடங்கள். பத்து விநாடிக்குள் கிழிந்தால் படலம் நிலையாக இல்லை என்று பொருள்.

கருவிழியும் சும்மா இருப்பதில்லை. அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் அதன் தடிமன், சுழற்சியின் போக்கில் மைக்ரான் கணக்கில் ஏறி இறங்குவதைச் சில ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்த நாளில் கண் வறண்டு மங்கலாக இருந்திருந்தால், இன்னொரு நாள் மறுபடி பார்த்துக்கொள்வது நல்லது.

கண் கூசி, வெளிச்சத்தைக் கண்டாலே ஓடி ஒளியவைக்கும் ஒற்றைத் தலைவலியின் கதை வேறு. 1972இல் சாமர்வில் என்ற மருத்துவர், மாதவிடாயை ஒட்டி இந்தத் தலைவலி வரும் பெண்களுக்கு, மாதவிடாய்க்கு முன் ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டுப் பார்த்தார். உதிரப்போக்கு வழக்கம்போல் வந்தது. தலைவலி மட்டும் தள்ளிப்போனது. உயரத்தில் இருந்த ஈஸ்ட்ரோஜன் சட்டென்று சரிவதுதான் வலியைக் கிளப்புகிறது என்பது அதிலிருந்து புரிந்தது.

மாதவிடாயை ஒட்டி வரும் ஒற்றைத் தலைவலி பெரும்பாலும் முன்னறிகுறி இல்லாத வகை. வலிக்கு முன் கண்ணெதிரே கோணல்மாணலாக ஒளிக்கோடுகள் நெளிந்து பரவும் ‘ஆரா’ உள்ளவர்கள், கருத்தடை மாத்திரை கேட்கும்போது அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை அவர்களுக்குப் பக்கவாத ஆபத்தைக் கூட்டும் என்பதால் உலக சுகாதார நிறுவனம் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத வழிகள் பல உண்டு.