மாடிச் சாவி யாரிடம்?

2014 நவம்பர் 29 அன்று புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் மழையில் நனைந்து சரிந்தது. மேரி என்பது மாதாவின் பெயரல்ல. பிரெஞ்சு மொழியில் நகராட்சி மன்றத்துக்கு அதுதான் பெயர். 1870 வாக்கில் எழும்பிய கட்டடம், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அங்கே நின்றது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறி, ஊரிலுள்ள மரங்களையெல்லாம் படுக்க வைத்துவிட்டுப் போனபோதுகூட அது நின்றது. மூன்று ஆண்டு கழித்து, பெயர் வைத்த புயல் எதுவும் இல்லாத ஒரு கார்த்திகை மழையில் விழுந்தது.

அது பழுதான கட்டடம் என்பது ஊருக்கே தெரியும். சீரமைக்க வேண்டும் என்ற பேச்சும் பல ஆண்டுகளாக இருந்தது. விழுந்த பிறகு உலக வங்கி நிதியில் சுமார் 15 கோடி ரூபாய் செலவில் அதே முகத்தோடு ஒரு கட்டடம் எழும்பியது. 2021 பிப்ரவரி 25 அன்று பிரதமர் திறந்து வைத்தார். இன்று அதன் முன்னால் நின்று படம் எடுப்பவர்களில் பாதிப் பேராவது அதைப் பழைய கட்டடம் என்றே நினைத்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அச்சு அப்படியே இருக்கிறது.

அந்தச் சரிவு ஒரு நல்ல காரியத்தையும் செய்தது. பதறிப்போன ஊர்க்காரர்கள் கூடி 'பீப்பிள் ஃபார் பாண்டிச்சேரிஸ் ஹெரிடேஜ்' என்ற குழுவை ஏற்படுத்தினார்கள். ஏற்கெனவே ஊரில் வேலை செய்துவந்த இன்டாக் என்ற மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளை, பாண்டிகேன் என்ற குடிமக்கள் அமைப்பு ஆகியவற்றோடு சேர்ந்து, அடுத்த ஆண்டே புதுச்சேரி மரபு விழாவைத் தொடங்கினார்கள். மரபு நடை, பழைய வீட்டு முற்றத்தில் கச்சேரி, பேச்சு, கண்காட்சி என்று அது வளர்ந்தது. சென்னையில் இதற்குப் பத்தாண்டு முன்னரே, 2004-ல், எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசூசா மூவரும் தொடங்கிய மெட்ராஸ் தினம் இருக்கிறது. ஆகஸ்ட் 22 என்ற ஒரு நாள், பிறகு ஒரு வாரமானது. இப்போது ஆகஸ்ட் மாதத்தில் பாதியை எடுத்துக்கொள்கிறது. இந்த வழியைப் பார்த்துத் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலும் ஞாயிற்றுக்கிழமை மரபு நடைகள் பெருகிவிட்டன.

இவற்றை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் கைக்காசு செலவழித்து உழைப்பவர்கள். என் சந்தேகம் அவர்களுடைய அக்கறை மேல் இல்லை. ஒரு கணக்குப் பிழை மேல்தான். நிகழ்ச்சி நடந்தால் ஆட்கள் வருவார்கள், ஆட்கள் வந்தால் கட்டடம் பிழைக்கும் என்பது அந்தக் கணக்கு. முதல் பாதி சரி.

பழைய கட்டடம் எதனால் சாகிறது என்று பார்த்தால் இது புரியும். நம் பக்கத்து மெத்தை வீடுகளின் கூரை 'மெட்ராஸ் டெரஸ்' வகை. சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம். அதன்மேல் குறுக்கே கட்டைகள். கட்டைகளின் மேல் மெல்லிய செங்கலைச் செங்குத்தாக நிறுத்தி, சாய்வாக வரிசை பிடித்து, சுண்ணாம்புச் சாந்தில் கோத்திருப்பார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, நாள்கணக்காகக் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். நூறு வருஷம் தாங்கும். ஆனால் ஒரு நிபந்தனை: தட்டோட்டின் இணைப்புகளை அவ்வப்போது பூச வேண்டும், தண்ணீர் வெளியேறும் தூம்பை அடைக்க விடக்கூடாது.

அந்த இணைப்பு ஒன்று விட்டுப்போனால் தண்ணீர் உள்ளே இறங்கும். இறங்கிய தண்ணீர் அறைக்குள் சொட்டினால் நல்லது, வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் அது சொட்டுவதில்லை. சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் முனையைப் போய்ச் சேர்கிறது. காற்றுப்படாத அந்த முனை உள்ளுக்குள் மக்குகிறது, பிறகு கரையான் வருகிறது. அறையின் நடுவிலிருந்து அண்ணாந்து பார்த்தால் உத்தரம் கருகருவென்று கம்பீரமாகத் தெரியும். மரபு நடைக்கு வந்தவர்கள் படம் எடுப்பது அந்த நடுப்பகுதியைத்தான். முனை போய்விட்டால் கூரை சுவரில் ஒப்புக்கு உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். கூரை அழுத்திப் பிடிக்காத உயரமான சுவரும் தனியாக நிற்கப் பழகாதது. ஒரு நாள் இரண்டும் சேர்ந்து இறங்கும்.

கடலோர ஊர்களில் இன்னொன்றும் உண்டு. பழுது பார்க்கிறேன் என்று நல்ல மனத்தோடு வருகிற கொத்தனார், சுண்ணாம்புச் சுவர்மேல் சிமென்ட் பூசுவார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விடும். சிமென்ட் அந்த வாசலை அடைத்துவிடும். உள்ளே மாட்டிய ஈரத்தோடு உப்பும் தங்கி, பூச்சுக்குப் பின்னால் பூத்து, செங்கலையே மாவாக்கும். வெளியே புதுப் பெயின்ட் பளபளக்கும். விழாவுக்கு முன் அவசரமாக 'முகம் மாற்றிய' கட்டடங்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம் வருவது இதனால்தான்.

இந்த நோய்களில் ஒன்றையும் நடையோ கச்சேரியோ கண்டுபிடிக்காது. நடை நடத்தும் குழுவினருக்குக் கட்டடத்தின் வாசல் தெரியும், கூடம் தெரியும், கட்டியவரின் பேரன் பெயர் தெரியும். மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பது பல இடங்களில் தெரியாது. அடுத்த முறை நடைக்குப் போகிறவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

நிகழ்ச்சியே ஒரு சுமை என்பதையும் யாரும் சொல்வதில்லை. ஐந்து பேர் குடியிருந்த வீட்டின் மேல்மாடிக் கூடத்தில் கச்சேரி வைத்து எண்பது பேரை உட்கார வைத்தால், ஆளுக்கு 60 கிலோ என்றாலும் ஏறத்தாழ ஐந்து டன். உத்தரத்தின் முனை எப்படி இருக்கிறது என்று தெரியாமல் ஏற்றும் ஐந்து டன் அது. கீழே இன்னும் எண்பது பேர் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். அதோடு சீரியல் பல்பு, ஒலிபெருக்கி, எங்கிருந்தோ இழுத்த தற்காலிக ஒயர். நூறு வருஷம் காய்ந்த தேக்குக்கு ஒரு பொறி போதும். சென்னையின் பழைய ஸ்பென்சர் கட்டடத்தில் 1983-ல் தீ. மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தது. ரயில்வேயின் கட்டடம் இப்போது அந்த இடத்தில் நிற்கிறது. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் எரிந்தபோது தீயணைப்பு வீரர் ஒருவரின் உயிரையும் தீ சேர்த்து எடுத்துக்கொண்டது. இவை எதுவும் மரபு விழாவால் நடந்தவை அல்ல. பழைய மரக்கூரைக்குக் கீழே தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கான சாட்சிகள், அவ்வளவே. தீயணைப்பான் இல்லாத முற்றத்தில் அகல் விளக்கு அலங்காரம் வைக்கும் அழகுணர்ச்சிக்கு இந்த மூன்றையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

அடுத்தது சந்தை. இதைச் சொன்னால் நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஒரு தெருவை ஊர் கொண்டாடத் தொடங்கினால் அந்தத் தெருவின் மனை விலை ஏறும். புதுச்சேரியின் பழைய நகரைச் சுற்றி ஓடும் புல்வார் சாலைக்கு உள்ளே வீடு வைத்திருக்கும் பல குடும்பங்களில் பங்குதாரர்கள் பலர். பாதிப் பேர் பிரான்ஸில். வாடகை குறைவாக இருந்தவரை யாரும் வீட்டைத் தொடவில்லை. விலை ஏறியதும் பாகம் பிரிக்கும் பேச்சு வருகிறது. இடிபடுவதும் உண்டு, விடுதியாவதும் உண்டு. விடுதியானால் பிழைத்தது என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். சில இடங்களில் அது உண்மை. ஆனால் ஒரே ஒரு கழிவறை, அதுவும் கொல்லைப்புறத்தில் வைத்துக் கட்டிய வீட்டில், அறைக்கு ஒன்றாகப் பத்துக் குளியலறை வந்தால், மேல்மாடித் தரை தினமும் நனையும். மொட்டைமாடியில் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி வைத்தால் ஒரே இடத்தில் ஒரு டன். முகப்பு பிழைத்து, உள்ளே வீடு மெல்லச் செத்துக்கொண்டிருக்கலாம்.

செட்டிநாட்டில் இதன் முடிவை நேரில் பார்க்கலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். நிலைக்கதவு, பர்மா தேக்குத் தூண், பீங்கான் தட்டு, எனாமல் தூக்கு, சுவாமி படம் எல்லாம் கிடைக்கும். ஒவ்வொரு தூணும் ஒரு வீட்டிலிருந்து வந்தது. ஒரு வீட்டுக்கு நாற்பது ஐம்பது புள்ளி (குடும்பம்) பங்கு இருந்து, ஒருவர் கையெழுத்துப் போடாததால் ஓடு மாற்ற முடியாமல் போன கதைகள் அந்தப் பக்கம் சாதாரணம். பங்காளி தகராறைத் தீர்க்க எந்த மரபு நடையாலும் முடியாது. அங்கே தேவைப்படுவது பொறுமையான ஒரு வக்கீல்.

வக்கீல் என்றதும் கார்டில் கட்டடம் நினைவுக்கு வருகிறது. சென்னை அண்ணா சாலையில் 1897-ல் கட்டி, பின்னர் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் என்று பெயர் பெற்று, ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் கைக்கு வந்த மாளிகை. 2006-ல் இடிக்கத் தொடங்கினார்கள். மெட்ராஸ் தினம் தொடங்கி அப்போது இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. இடிப்பை நிறுத்தியது கூட்டமோ புகைப்படமோ அல்ல. இன்டாக் உயர் நீதிமன்றத்தில் போட்ட ரிட் மனு. 2010 ஏப்ரலில் நீதிபதிகள் பிரபா ஸ்ரீதேவனும் டி.எஸ். சிவஞானமும் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தார்கள். மரபுக் கட்டடங்களுக்கான குழு ஒன்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின்கீழ் உயிர் பெற்றதும் அந்தத் தீர்ப்பால்தான்.

ஆனால் தீர்ப்பு வந்து பத்தாண்டுக்கு மேல் ஆகியும் அந்தக் கட்டடம் பூட்டியே கிடந்தது. சுவரில் மரம் முளைத்து வளர்ந்தது. இடிக்கக் கூடாது என்று சொல்ல நீதிமன்றத்தால் முடிந்தது. தூம்பை யார் சுத்தம் செய்வது என்பது வேறு விஷயம். இடிக்க விரும்புகிறவருக்கு இப்போது இயந்திரமே தேவையில்லை. பத்து ஐப்பசி போதும். சட்டமும் அவசரப்படவில்லை. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012-ல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 2024-ல். இடையில் போனது பன்னிரண்டு வடகிழக்குப் பருவமழை.

நிகழ்ச்சியால் பயனே இல்லை என்று இதைப் படித்துவிடக் கூடாது. புதுச்சேரியின் வைசியாள் வீதியை எடுத்துக்கொள்ளலாம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் உர்பினோ, பிரான்ஸின் வில்னெவ்-சூர்-லோ ஆகிய நகரங்களோடு கூட்டுச் சேர்ந்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆசியா அர்ப்ஸ்' நிதியில் அங்கே ஒரு வேலை நடந்தது. தமிழ் வீடுகளின் திண்ணையும் தாழ்வாரமும் தூணுமாகத் தெருவின் முகத்தை மீட்டார்கள். அதில் எனக்குப் பிடித்தது விருதோ படமோ அல்ல. வீட்டுக்காரர் ஒரு பங்கு, திட்டம் ஒரு பங்கு என்று செலவைப் பகிர்ந்த முறை. தன் காசைப் போட்டவர் அடுத்த மழைக்கு முன் மாடி ஏறிப் பார்ப்பார். தெருக்காரர்கள் கூடிய கூட்டங்களும் அங்கே நடந்தன. ஆனால் அங்கே பேச்சு ஓடு, சுண்ணாம்பு, கூலி பற்றியது.

ஆகவே ஒரு குழுவின் ஆண்டுத் திட்டத்தைக் கையில் கொடுத்தால் நான் முதலில் தேடுவது நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையை அல்ல. நுழைவுச் சீட்டில் வந்த பணத்தில் எத்தனை ரூபாய் ஏதாவது ஒரு கூரைக்குப் போனது? பட்டியலில் உள்ள கட்டடங்களுக்கு உரிமையாளர் யார் யார் என்று எழுதி வைத்திருக்கிறார்களா? சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரின் தொலைபேசி எண் இருக்கிறதா? மேல்மாடியில் ஆள் ஏற்றுவதற்கு முன் ஒரு பொறியாளர் உத்தரத்தின் முனையைத் தட்டிப் பார்த்தாரா? இதில் இரண்டுக்குப் பதில் இருந்தாலே அது அபூர்வமான குழு.

நாள்காட்டியும் ஒரு விஷயம் சொல்லும். புதுச்சேரியில் விழா, மழை ஓய்ந்த தை, மாசியில் வருகிறது. சென்னையில் ஆகஸ்ட். இரண்டுமே உட்கார்ந்து கேட்க வசதியான காலம். புதுச்சேரிக்கு ஆண்டில் விழும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் கொட்டிவிடுகிறது. மாடியில் ஏற வேண்டியது செப்டம்பரில். புரட்டாசி வெயிலில் ஒரு துடைப்பம், ஒரு சுண்ணாம்பு வாளி, ஓர் ஏணியோடு இருபது பேரைக் கூட்டி நடத்தும் நடைக்குச் சுவரொட்டி அச்சடித்த குழு எதையும் நான் இதுவரை பார்த்ததில்லை. கைப்பிடிச் சுவர் விரிசலில் காக்கை எச்சத்திலிருந்து முளைத்த அரசங்கன்று அந்த மாதத்தில் இரண்டு இலையோடு இருக்கும். இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். அடுத்த ஆண்டு விழாவுக்குள் அதைப் பிடுங்கக் கடப்பாரை வேண்டும். அதற்கும் அடுத்த ஆண்டு, அதை எடுத்தால் சுவரும் கூடவே வரும்.