கார்பன் ரிம்: மேனி பளபளப்பு உறுதியைக் காட்டாது

வார இறுதிக் காலைகளில் கெந்திங் செம்பா மலைச் சாலையில் ஏறும் சைக்கிள் குழுக்களைக் கவனித்தால், கறுத்த, அகலமான ரிம் பூட்டிய சைக்கிள்கள் நிறையத் தென்படும். அவற்றில் பல கார்பன் இழை ரிம்கள். ஒரு காலத்தில் பந்தய வீரர்களிடம் மட்டுமே இருந்த பொருள் இது. இன்று சம்பளத்தில் மிச்சம் பிடிக்கும் இளைஞர்களும் ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்து வாங்குகிறார்கள். புதியது கட்டுப்படியாகாதவர்கள் ஒருவர் ஓட்டிய ரிம்மை இணையத்தில் தேடிப் பிடிக்கிறார்கள்.

வாங்கியபின் இரண்டு வகைத் தவறுகள் நடக்கின்றன. புது ரிம்மில் மெல்லிய கோடோ ஊசி முனை அளவு குழியோ தெரிந்தால் சிலர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். வேறு சிலர், சாலைக் குழியில் பலமாக அடி வாங்கிய ரிம்மை, மேலே கீறல்கூட இல்லையே என்று தொடர்ந்து ஓட்டுகிறார்கள். முதலாமவர் இழப்பது மன நிம்மதியை மட்டுமே. இரண்டாமவர் இறக்கத்தில் பல்லையும் தோள் எலும்பையும் இழக்கக்கூடும்.

தோட்டத்தில் பழைய இரும்புச் சைக்கிள் வைத்திருந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இருந்ததில்லை. குரோமியம் முலாம் பூசிய அந்த ரிம்மின் மேனியே அதன் நிலைமையைச் சொல்லிவிடும். முலாம் உரிந்தால் துரு ஏறும். கல்லில் மோதினால் நெளியும். கடைக்காரர் ஸ்போக் கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் நெளிவை எடுத்துத் தருவார். (மழையில் அந்தப் பளபளப்பான ரிம்மில் பிரேக் பிடிக்காமல் காலைத் தரையில் தேய்த்து நிறுத்தியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்போதும் அழகு வேறு, பயன் வேறுதான்.) பின்னர் வந்த அலுமினிய ரிம்மும் அடிபட்டால் பள்ளம் விழுந்து காட்டிக்கொடுக்கும். கார்பன் அப்படிச் சொல்லாது. அது வளைந்து நிற்பதில்லை. தாங்கும் வரை தாங்கும், பிறகு உடையும்.

காரணம் அது செய்யப்படும் விதம். கார்பன் இழை ஒன்றின் தடிமன் தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆயிரக்கணக்கான இழைகளைக் கற்றையாக்கி, எபாக்சி பசையில் ஊறவைத்துத் தாள்போல் ஆக்குகிறார்கள். அந்தத் தாள்களை வெட்டி, ஒவ்வொன்றையும் வெவ்வேறு திசையில் அச்சுக்குள் அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக வைக்கிறார்கள். இழைகள் ஓடும் திசை, அடுக்குகளின் எண்ணிக்கை, அடுக்குகளுக்கிடையே காற்று தங்காதிருத்தல், பசையின் தரம் ஆகியவையே ரிம்மின் உறுதியைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் எதுவும் வெளியே தெரிவதில்லை.

வெளியே தெரிவது பெரும்பாலும் கடைசித் தாள் மட்டுமே. கட்டம் கட்டமாகப் பாய் பின்னியதுபோல் தெரியும் நெசவைத்தான் பலர் ‘அசல் கார்பன்’ என்று நம்புகிறார்கள். கடைகளில் ‘3கே’ என்பார்கள்; ஒரு கற்றையில் 3,000 இழைகள் என்று பொருள். ‘12கே’ என்றால் 12,000 இழைகள்; கட்டங்கள் பெரிதாகத் தெரியும். பல ரிம்களில் இந்த நெசவு அழகுக்காக மேலே போர்த்திய ஒரே ஒரு படலம். சேலையின் சரிகையைப் பார்த்து நூலின் உறுதியைச் சொல்ல முடியாதல்லவா?

‘யூடி’ என்ற இன்னொரு வகையில் நெசவே இருக்காது. எல்லா இழைகளும் ஒரே திசையில் ஓடும். தாள்கள் சேரும் இடங்களில் திட்டுத் திட்டாகவும் கோடு கோடாகவும் தெரியும். இதைப் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. உண்மையில், நெசவில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதால் சற்று வளைந்திருக்கும். நேராக ஓடும் இழை அதே எடைக்குக் கூடுதல் விறைப்பைத் தரும். ஆகவே பார்வைக்குச் சுமாராக இருக்கும் யூடி ரிம் எந்த வகையிலும் மட்டமானதல்ல.

ஊசிக்குழி விஷயமும் இதைப் போன்றதே. அச்சில் இறுகும்போது மேற்பரப்பில் சிறு காற்றுக்குமிழ்கள் தங்குவது சாதாரணம். தொழிற்சாலையில் அவற்றை மக்கு வைத்து அடைத்து, தேய்த்து, மேலே கண்ணாடிபோன்ற பூச்சு கொடுப்பார்கள். பூச்சே இல்லாமல் அச்சிலிருந்து எடுத்தபடி விற்கும் நிறுவனங்களும் உண்டு. அவற்றின் ரிம்களில் இத்தகைய தழும்புகள் கூடுதலாகத் தெரியும். மூடி மறைக்கவில்லை என்பதைத் தவிர அதில் குறை ஏதுமில்லை.

அப்படியானால் எந்தக் கோட்டுக்குப் பயப்பட வேண்டும்? நகத்தால் வருடும்போது தட்டுப்படும் கோடு, வெளிறிப்போன திட்டு, ஸ்போக் துளையைச் சுற்றியோ டயர் உட்காரும் விளிம்பிலோ தோன்றும் பிளவு, இவை சந்தேகத்துக்குரியவை. எல்லாவற்றுக்கும் மேலாக, வளரும் கோடு ஆபத்தானது. இரு முனைகளிலும் சின்னதாக ஒட்டுத்தாள் ஒட்டிப் படம் எடுத்து வைத்தால், சில நாள்களில் அது ஒட்டுத்தாளைத் தாண்டியதா என்பது தெரிந்துவிடும். விளிம்பிலும் ஸ்போக் துளையிலும் பிளவு தெரிந்தால் அந்தச் சோதனைக்கும் காத்திருக்கக்கூடாது, ஓட்டத்தை அப்போதே நிறுத்த வேண்டும்.

நாணயத்தால் மெல்லத் தட்டிப் பார்ப்பது இன்னொரு வழி. நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கூர்மையாகக் கேட்கும். உள்ளே அடுக்குகள் பிரிந்த இடத்தில் ஓசை மந்தமாகும். ஆனால் ரிம்மின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் ஓசையும் மாறும். எனவே ஒரு பக்கச் சுவரைத் தட்டியதும் அதற்கு நேர் எதிர்ப்பக்கச் சுவரையும் தட்டி ஒப்பிட வேண்டும். ஓசை நன்றாக இருப்பதை மட்டும் வைத்து ரிம் பழுதில்லை என்று முடிவுகட்டக்கூடாது.

மலைப்பாதையில் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது சூடு. பிரேக் கட்டை ரிம்மையே பிடிக்கும் சைக்கிளில், நீண்ட இறக்கம் முழுவதும் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் ரிம்மின் பக்கச் சுவர் கொதிக்கும். அலுமினியம் அந்தச் சூட்டை விரைவில் பரப்பிவிடும். கார்பனில் சூடு அதே இடத்தில் தேங்கும். குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் எபாக்சி பசை இளகத் தொடங்கும். உள்ளே டயரின் காற்றழுத்தம் வெளிநோக்கித் தள்ள, சுவர் புடைத்துக்கொள்ளும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றுக்கு ஒருமுறை துடிப்பதுபோல் உணர்ந்தால், இறங்கிப் பார்க்காமல் அடுத்த வளைவுக்குப் போகக்கூடாது.

இறக்கத்தில் விட்டுவிட்டு, முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடிப்பது நல்லது. ரிம் செய்த நிறுவனம் சொல்லும் பிரேக் கட்டையையே போட வேண்டும். அலுமினிய ரிம்மில் ஓடிய கட்டையை இதில் மாட்டினால், அதில் பதிந்திருக்கும் உலோகத் துகள் கார்பனைச் சுரண்டிவிடும். மழையிலும் கார்பன் ரிம்மில் பிரேக் சற்றுத் தாமதமாகவே பிடிக்கும்.

டிஸ்க் பிரேக்கில் இந்தச் சூடு ரிம்முக்குப் போவதில்லை. அனைத்துலகச் சைக்கிள் சங்கம் சாலைப் பந்தயங்களில் டிஸ்க் பிரேக்கை முழுமையாக அனுமதித்தது 2018இல். அதற்குப் பிறகு பழைய வகை கார்பன் ரிம்கள் மலிவாகக் கைமாறத் தொடங்கின. மலிவாகக் கிடைக்கிறதே என்று மலை இறங்குபவர்கள் அவற்றின்மேல் பாய்வது புத்திசாலித்தனமல்ல. பிரேக் ரிம்மைப் பிடிக்கும் சைக்கிளில் அடிக்கடி மலை இறங்குபவருக்கு நல்ல அலுமினிய ரிம்மே ஏற்றது, அழகில் சற்றுக் குறைந்தாலும்.

பராமரிப்பு பெரிய வேலையல்ல. வெயிலின் புற ஊதாக் கதிர் எபாக்சியை மஞ்சளாக்கும். மேல்பூச்சு அதைத் தடுப்பதால், பூச்சு உரிந்த இடத்தை அப்படியே விடக்கூடாது. மேட் பூச்சை பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளத்து அசிங்கமாகும். தின்னர் வேண்டவே வேண்டாம், சோப்பு நீர் போதும். கடலோரம் ஓட்டுபவர்கள் ஸ்போக் கம்பியின் நுனியில் உள்ள நிப்பிளையும் பார்க்க வேண்டும். கார்பனைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினிய நிப்பிள், உப்பு ஈரம் சேர்ந்தால் அரித்து வெள்ளைப் பொடியாகும். பித்தளை நிப்பிள் சில கிராம் கூடுதல் எடை, ஆனால் நெடுநாள் நிற்கும்.

ஒருவர் ஓட்டிய ரிம்மை வாங்கும்போது டயரைக் கழற்றி, வெளிச்சத்தில் உட்பக்க விளிம்பைச் சுற்றிலும் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். குழியில் விழுந்த அடி முதலில் அங்கேதான் தெரியும். மற்ற இடமெல்லாம் பழையதாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் புதுப்பூச்சோ புது ஸ்டிக்கரோ இருந்தால் காரணம் கேட்க வேண்டும். கார்பன் சட்டத்தைப் பழுதுபார்த்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிரேக் பிடிக்கும் சுவரும் டயர் விளிம்பும் உடைந்த ரிம்மை ஒட்டிச் சரிசெய்து ஓட்டுவது ஆபத்து. டயரைக் கழற்ற விற்பவர் மறுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காமல் வந்துவிடலாம்.