வீட்டில் ஒரு சோதிட நூலகம்

சோதிட நூல்களைச் சேர்ப்பவர் முதலில் வாங்க வேண்டியது பஞ்சாங்கம். திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்தையும் நாள்தோறும் தரும் நூல் அது. வாக்கியம், திருக்கணிதம் என இருவகை உண்டு. வாக்கியம் பழைய சூத்திர வாய்பாடுகளின் வழி கணிப்பது. திருக்கணிதம் வானியல் அவதானிப்புகளுக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29இல் சனிப்பெயர்ச்சி நிகழ்ந்தது. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலோ அது 2026இல்தான் என்று அறிவித்தது. இரண்டையும் வைத்திருந்தால் இத்தகைய வேறுபாடு விளங்கும்.

அடுத்து மூல நூல்கள். வராகமிகிரரின் ‘பிருகத் ஜாதகம்’ 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தமிழில் கீரனூர் நடராசனின் ‘சாதக அலங்காரம்’ புகழ்பெற்றது. மூலச் செய்யுளும் உரையும் தனித்தனியே அச்சான பதிப்பே நல்லது. உரைகாரர் சேர்த்தது எது என்பது அப்போதுதான் தெரியும்.

பழைய நூல்களின் பதிப்புகளைத் தேடுவோருக்குத் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் உதவும். அது நாயக்கர் காலத்தில் தோன்றி, இரண்டாம் சரபோஜியால் வளர்ந்து, 1918இல் பொது நூலகமானது. அதன் சுவடிகளிலிருந்து பதிப்பிக்கப்பட்ட நூல்கள் அங்கேயே விற்பனைக்குக் கிடைக்கின்றன.

வைத்தீசுவரன்கோயில், ஓலைச்சுவடிகளைப் படித்துப் பலன் சொல்லும் நாடி சோதிடத்துக்குப் பெயர்பெற்ற ஊர். நாடி நூல்களை வாங்கும்போது எந்தச் சுவடியிலிருந்து பதிப்பிக்கப்பட்டது என்று முன்னுரையில் பார்க்க வேண்டும்.

சோதிடப் பலன்களை அறிவியல் மெய்ப்பிக்கவில்லை. ஆகவே வானியல் கணிதத்தையும் சோதிடப் பலனையும் பிரித்தறிய, இந்திய வானியல் வரலாற்று நூல் ஒன்றும் அலமாரியில் இருப்பது நல்லது.